ஏட்டு முதலாளியும் எட்டாத முதலாளியும்

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பதிவான ஒரு மென்பொருள் நிறுவனம், கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் ஒரு பொறியாளரை அமர்த்திக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று இது அன்றாடம் நடப்பதுதான். இதற்காகப் போடப்படும் ஒப்பந்தங்களை அடுத்தடுத்துப் படித்தால் வினோதமான முரண் ஒன்று தட்டுப்படும். அறிவுசார் சொத்துரிமை பற்றிய பக்கத்தில், அந்தப் பொறியாளர் எழுதும் நிரலின் ஒவ்வொரு வரியும் தங்களுக்கே சொந்தம் என்கிறது நிறுவனம். வரி ஆலோசகர் எழுதித் தந்த பக்கத்தில், இந்தியாவில் தங்களுக்கு அலுவலகமும் இல்லை, ஊழியரும் இல்லை என்கிறது. வேலை நிபந்தனைகள் பற்றிய பக்கத்திலோ அவருடைய முதலாளி வேறொரு நிறுவனம், தாங்கள் வெறும் வாடிக்கையாளர் என்று ஒதுங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு வழக்கறிஞர் எழுதியிருப்பார். தனித்தனியே பார்த்தால் எதிலும் பிழையிராது. சேர்த்துப் பார்க்கும்போதுதான் சிக்கல். வெளிநாட்டில் சட்டப்படி ஆள் எடுப்பது என்பதைச் சம்பளமும் வரியும் முறையாகக் கட்டும் கலையாகவே வணிக உலகம் பேசுகிறது. இந்தியச் சட்டம் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி அதுவல்ல. வேலையை விட்டு அனுப்பும் நாளில் யார் பதில் சொல்வது என்பதே அதன் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஏற்பாடு, வரிக்கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பாதிதான் சட்டப்படியானது என்பது என் வாதம்.

வழிகள் என்னென்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். வெளிநாட்டு நிறுவனம் இங்கே எந்த அமைப்பும் இல்லாமல் நேரடியாகவே ஒருவரை ஊழியராக்கிக்கொள்ள முடியுமா? ஏட்டளவில் முடியும், நடைமுறையில் தலைவலி. இந்தியாவில் செய்யப்படும் வேலைக்கான சம்பளம் வெளிநாட்டில் கொடுக்கப்பட்டாலும் அதில் வரிப்பிடித்தம் செய்யும் கடமை கொடுப்பவருக்கு உண்டு என்று எலி லில்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்துவிட்டது. எனவே டெலவேர் நிறுவனம் இங்கே டி.டி.எஸ். பிடிப்பதற்கான எண் வாங்க வேண்டும், பி.எஃப். கட்ட வழி தேட வேண்டும். இங்கே தொழில் நடத்தும் அயல்நாட்டு நிறுவனமாகக் கம்பெனிகள் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்ய வேண்டுமா என்ற கேள்வியும் தொடர்ந்து வரும். தொடர்பு அலுவலகம் திறக்கலாம். ஆனால் அது வருமானம் ஈட்டக் கூடாது, செலவெல்லாம் வெளியிலிருந்து வரும் பணத்தில்தான் நடக்க வேண்டும். கிளை திறப்பதற்கு ஐந்தாண்டு லாபக் கணக்கும் ஒரு லட்சம் டாலர் நிகர மதிப்பும் காட்டியாக வேண்டும். ஈட்டும் லாபத்துக்கு அயல்நாட்டு நிறுவனத்துக்கான 35 சதவீத வரி. ஆக, பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது மீதமுள்ள மூன்றில் ஒன்றை: சுயதொழில் ஒப்பந்தம், சொந்தத் துணை நிறுவனம், அல்லது ‘எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டு’ எனப்படும் ஏட்டு முதலாளி.

சுயதொழில் ஒப்பந்தத்தைப் பற்றி எழுதுவோர் அதை முதலாளி தொழிலாளிக்குச் செய்யும் வஞ்சகமாகவே சித்திரிப்பது வழக்கம். இந்தியாவில் உண்மை அவ்வளவு நேர்கோட்டில் இல்லை. அந்த ஏற்பாட்டை விரும்பிக் கேட்பவர் பல நேரம் பொறியாளர்தான். காரணம் வருமான வரி. பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற தொழில்களைச் சொந்தமாகச் செய்பவர், மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும் என்று அனுமான வரித் திட்டம் சொல்கிறது. வரவு ஏறத்தாழ முழுவதும் வங்கி வழி வந்தால் ஆண்டுக்கு 75 லட்சம் ரூபாய்வரை இந்தச் சலுகை உண்டு. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி, ஆண்டுக்கு 40 லட்சம் சம்பளம் வாங்கும் ஊழியர் ஏறத்தாழ 7 லட்சத்து 88 ஆயிரம் ரூபாய் வரி கட்டுவார். அதே 40 லட்சத்தைச் சுயதொழில் வருமானமாகக் காட்டுபவர் கட்டுவது 2 லட்சத்து 8 ஆயிரம். இந்த இடைவெளி இருக்கும்வரை, பி.எஃப். இல்லை, பணிக்கொடை இல்லை, மகப்பேறு விடுப்பு இல்லை என்றெல்லாம் எடுத்துச் சொன்னாலும் இளைஞர்கள் காதில் ஏறாது. ஆனால் ஒரே நிறுவனத்துக்கு முழுநேரம் உழைத்து, அவர்கள் குறித்த நேரத்தில் கூட்டங்களில் உட்கார்ந்து, அவர்களிடமே விடுப்புக் கேட்டு வாங்கும் ஒருவரைச் சுயதொழிலாளர் என்பது வரித் துறை நுணுகிப் பார்க்கும் நாளில் நிற்காது. அப்போது மாட்டிக்கொள்பவர் கோயம்புத்தூர்க்காரர்தான், டெலவேர்க்காரர் அல்ல.

நிறுவனத்துக்கும் இதில் ஒரு பொறி இருக்கிறது. பணி ஒப்பந்தத்தின்கீழ் ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு முதல் உரிமையாளர் வேலையளிப்பவர் என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். கணினி நிரலும் இதில் அடங்கும். சுயதொழிலாளர் எழுதினால் முதல் உரிமையாளர் அவரேதான். எழுத்துப்பூர்வமாக மாற்றித் தர வேண்டும். மாற்றித் தரும் ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுக்கு மட்டும் என்று சட்டம் வைத்துக்கொள்ளும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று வைத்துக்கொள்ளும். இணையத்தில் இறக்கிய அமெரிக்க ஒப்பந்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்து வாங்கும் சிறு நிறுவனங்கள், தங்கள் முதன்மை மென்பொருளின் ஒரு பகுதியை ஐந்தாண்டுக் குத்தகைக்கு எடுத்திருக்கக்கூடும் என்பதை அறிவதில்லை. காப்புரிமையிலும் இதே கதை. இந்தியாவில் வசிப்பவர் கண்டுபிடித்ததற்கு முதலில் வெளிநாட்டில் விண்ணப்பிக்க வேண்டுமானால் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும், அல்லது இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். கண்டுபிடித்தவரை எந்தப் பெயரில் அமர்த்தினார்கள் என்பதை அந்த விதி பார்ப்பதே இல்லை. அவர் எங்கே குடியிருக்கிறார் என்பதைத்தான் பார்க்கிறது.

சொந்தத் துணை நிறுவனம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மென்பொருள் சேவையில் நூறு சதவீத அந்நிய முதலீட்டுக்கு முன் அனுமதி தேவையில்லை. இரண்டு பங்குதாரர், இரண்டு இயக்குநர் வேண்டும். இயக்குநர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தவராக வேண்டும். பங்கு ஒதுக்கிய முப்பது நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்குத் தாக்கல், ஆண்டுதோறும் தணிக்கை, தாய் நிறுவனத்திடம் வாங்கும் கட்டணம் சந்தை விலையோடு ஒத்திருக்கிறது என்பதற்கான ஆவணங்கள் எனக் காகித வேலை நிறைய. 2024 நிலவரப்படி, பன்னாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் நடத்தும் 1,700க்கும் மேற்பட்ட உலகத் திறன் மையங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இயங்கின. சுமார் 19 லட்சம் பேர் அவற்றில் வேலை பார்த்தார்கள். பெரிய நிறுவனத்துக்கு இது பழகிய பாதை. மூன்று பேரை மட்டும் அமர்த்த நினைக்கும் சிறு நிறுவனத்துக்கு மலைப்பாகத்தான் இருக்கும். அந்த மலைப்பில்தான் ஏட்டு முதலாளிக்கான சந்தை பிறந்தது.

அந்த ஏற்பாடு இயங்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பொறியாளரைத் தேடிக் கண்டுபிடிப்பதும் நேர்காணல் செய்வதும் சம்பளம் பேசி முடிப்பதும் டெலவேர் நிறுவனம். ஆஃபர் லெட்டர் வருவது பெங்களூரிலோ குருகிராமிலோ பதிவான இன்னொரு நிறுவனத்தின் பெயரில். அங்கே அவருக்கு ஒருவரையும் தெரியாது. சம்பளச் சீட்டில் அந்தப் பெயர், பி.எஃப். கணக்கில் அந்தப் பெயர், ஃபார்ம் 16இல் அந்தப் பெயர். வீட்டுக்கடன் வாங்கப் போனால் வங்கியில் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். உறவினரிடம் சொல்வது அமெரிக்க நிறுவனத்தின் பெயரை. காலையில் மடிக்கணினியைத் திறந்தால் வேலை சொல்வதும், ஆண்டு இறுதியில் மதிப்பிடுவதும், ஊதிய உயர்வு தருவதும் டெலவேர். ஒருநாள் காணொளி அழைப்பில் ‘இன்றோடு முடிந்தது’ என்று அறிவிப்பதும் டெலவேர். பத்து நிமிடத்தில் மடிக்கணினி பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ரிலீவிங் லெட்டர் அனுப்பும்போதுதான் ஏட்டு முதலாளி மறுபடி தோன்றுவார். இதைப் பினாமி என்று சொல்ல முடியாது. எதுவும் மறைக்கப்படவில்லை, எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, வரி ஒரு பைசா குறையாமல் கட்டப்படுகிறது. சுயதொழில் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால் ஊழியருக்கு இது எவ்வளவோ மேல். அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் சம்பளம் தருவதை ஒருவரும் வேலையைக் கையில் வைத்திருப்பதை இன்னொருவரும் என்று பிரித்தால் சட்டம் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது தனிக் கேள்வி.

இந்தக் கேள்வி இணையத்தோடு பிறந்ததில்லை. இந்திய நீதிமன்றங்கள் இதைத் தையற்கடையிலும் பீடிக் குடிசையிலும் வைத்து ஏற்கெனவே அலசிவிட்டன. வேலை எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று கட்டளையிடும் உரிமை யாருக்கு என்பதை 1956இல் திராங்கத்ரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவுகோலாக்கியது. எழுபதுகளில் சில்வர் ஜூபிலி தையலகம் வழக்கில், துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, நினைத்த நேரத்தில் வந்துபோன தையல்காரர்களும் ஊழியர்களே என்றது; தைத்தது சரியில்லை என்று தள்ளும் அதிகாரம் கடைக்காரரிடம் இருப்பதே கட்டுப்பாட்டுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கேரளத்தில் கயிறு திரிக்கும் ஆலை ஒன்றில் ஒப்பந்தக்காரர் மூலம் அமர்த்தப்பட்ட தொழிலாளர்களின் வழக்கு 1978இல் வந்தபோது நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு படி போனார். தொழிலாளியின் பிழைப்பும் வேலை நீடிப்பதும் யார் கையில் இருக்கிறதோ அவரே உண்மையான முதலாளி, இடையிலுள்ள ஒப்பந்தக் காகிதங்களைத் திரையைப் போல விலக்கிப் பார்க்க வேண்டும் என்பது அந்த ஹுசைன்பாய் தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பு பொதுவுடைமை வாசம் வீசிய காலத்துக்குரியது, பிற்காலத்தில் உச்ச நீதிமன்றம் கறாராகிவிட்டது என்று சொல்லப்படுவதுண்டு. பாதி உண்மை. இந்திய உருக்கு ஆணையம் (செயில்) தொடர்பான 2001இன் தீர்ப்பு ஒப்பந்தத் தொழிலாளரைத் தானாக நிரந்தரமாக்க மறுத்தது. ஆனால் ஒப்பந்தம் வெறும் போர்வை என்று நிரூபணமானால் உண்மை முதலாளியைக் காணும் வழியை அடைக்கவில்லை.

பிற்காலத்துக் கறாரான அளவுகோல்களை வைத்தே பார்ப்போம். யார் நியமிக்கிறார், யார் சம்பளம் தருகிறார், யாருக்கு நீக்கும் அதிகாரம், யாருக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம், பணித் தொடர்ச்சி உண்டா, கட்டுப்பாடு எவ்வளவு என்று 2014இல் பல்வந்த் ராய் சலூஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறு கேள்விகளை அடுக்கியது. ஏட்டு முதலாளி ஏற்பாட்டில் சம்பளம் என்ற ஒன்றுதான் ஐயமில்லாமல் ஏட்டு முதலாளி பக்கம். நியமனம் காகிதத்தில் அவருடையது, தேர்வு மற்றவருடையது. 2009இல் சர்வதேச விமான நிலைய ஆணையம் தொடர்பான சரக்குத் தொழிலாளர் வழக்கில் சொல்லப்பட்ட வேறுபாடு இதைவிடக் கூர்மையானது. தொழிலாளியை எங்கே, யாரிடம் வேலைக்கு அனுப்புவது என்று முடிவெடுப்பது முதன்மைக் கட்டுப்பாடு. அனுப்பிய இடத்தில் இதைச் செய், அதைச் செய் என்று சொல்வது இரண்டாம்நிலைக் கட்டுப்பாடு. முதன்மைக் கட்டுப்பாடு ஒப்பந்தக்காரரிடம் இருக்கும்வரை அவரே முதலாளி என்றது நீதிமன்றம். உண்மையான மனிதவள நிறுவனம் இந்தச் சோதனையில் தேறிவிடும். ஒரு வாடிக்கையாளர் போனால் ஆளை இன்னொருவரிடம் அனுப்பும். ஏட்டு முதலாளியால் அது முடியாது. வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த ஆள், வாடிக்கையாளருக்காக மட்டுமே இருப்பவர். வாடிக்கையாளர் விலகினால் வேலையும் இல்லை.

இதற்கு எதிராக ஒரு வலுவான முன்னுதாரணம் உண்டு. 2022இல் பெங்களூரின் நார்தர்ன் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் வழக்கில், வெளிநாட்டுக் குழும நிறுவனத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை அன்றாடம் வேலை வாங்கியது இந்திய நிறுவனம்தான் என்றபோதும், அவர்களுடைய முதலாளி வெளிநாட்டு நிறுவனமே என்று உச்ச நீதிமன்றம் முடிவுகட்டியது. அன்றாடக் கட்டுப்பாடு ஓரிடம், முதலாளி வேறிடம் என்று இருக்கலாம் என்பதற்கு இது அதிகாரபூர்வமான சான்று. ஆனால் அது சேவை வரி வழக்கு. தீர்ப்பு சாய்ந்து நின்ற காரணங்களில் முக்கியமானது, அனுப்பப்பட்டவர்கள் வேலை முடிந்ததும் திரும்பிப்போகத் தாய் நிறுவனத்தில் இடம் இருந்தது என்பது. கோயம்புத்தூர்ப் பொறியாளருக்கு ஏட்டு முதலாளியிடம் திரும்பிப்போக நாற்காலி கிடையாது. அமெரிக்காவுக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. சுயதொழிலாளர் என்று வைத்திருந்தவர்களை வரித் துறை ஊழியர் என்று கண்டறிந்த பின், மைக்ரோசாஃப்ட் அவர்களில் பலரை இடைநிலை நிறுவனங்களின் சம்பளப் பட்டியலுக்கு மாற்றியது. அப்படி மாற்றினாலும் அவர்கள் மைக்ரோசாஃப்டின் ஊழியர்களாக இருக்கக்கூடும் என்று 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2000ஆம் ஆண்டு இறுதியில் சுமார் 97 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆயிற்று.

இந்திய நீதிமன்றம் டெலவேர் நிறுவனமே உண்மையான முதலாளி என்று தீர்ப்பளித்தாலும் பயன் என்ன? ஏட்டு முதலாளி ஏற்பாட்டின் உண்மையான பலவீனம் இங்கேதான். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்று ஒரு பாதுகாப்பு வைத்தது. அந்தப் பாதுகாப்பு ஆலைக்கு வாசற்கதவு இருக்கிறது, ஆய்வாளர் போய்த் தட்டலாம் என்ற நினைப்பில் எழுதப்பட்டது. கதவே இல்லாத முதலாளிக்கு அதனிடம் விடை இருக்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்த ஓட்டையை அடைத்திருக்கலாம். என் பார்வையில் அகலப்படுத்திவிட்டன. பணிப் பாதுகாப்புத் தொகுப்பு, நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தத் தடை விதிக்கிறது. ஆனால் ஒப்பந்தக்காரரிடமே நிரந்தரமாகப் பணிபுரிந்து, அவ்வப்போது ஊதிய உயர்வும் சமூகப் பாதுகாப்பும் பெறுபவர் ஒப்பந்தத் தொழிலாளர் என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டார் என்கிறது. சொந்தமாக ஆட்களும் தொழிலும் வைத்திருக்கும் பெரிய சேவை நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்ட விலக்கு இது. அளவெடுத்துத் தைத்ததுபோல ஏட்டு முதலாளிக்கும் பொருந்துகிறது.

வெளிநாட்டு நிறுவனம் முதலாளி என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவதற்குப் பேராசை மட்டும் காரணமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒப்புக்கொண்டால் வரித் துறை வாசலில் வந்து நிற்கும். இங்கே நிலையான தொழிலிடம் இருக்கிறது என்று முடிவானால் அந்த இடத்துக்கு உரிய லாபத்துக்கு 35 சதவீத வரி. அந்தக் கோடு எங்கே விழும் என்று யாராலும் திட்டமாகச் சொல்ல முடிவதில்லை. பின்னணி வேலைகளை மட்டும் செய்யும் இந்தியத் துணை நிறுவனம் தாய் நிறுவனத்தின் தொழிலிடம் ஆகாது என்று 2007இல் மார்கன் ஸ்டான்லி வழக்கிலும், இந்திய நிறுவனத்தின் இடம் வெளிநாட்டு நிறுவனத்தின் ஆளுகையில் இல்லாவிட்டால் தொழிலிடம் இல்லை என்று 2017இல் இ-ஃபண்ட்ஸ் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. 2025 ஜூலையில் ஹயாட் வழக்கில், தனக்கென்று ஓர் அறைகூட இல்லாவிட்டாலும் தொழிலை நடத்தும் கட்டுப்பாடு இருந்தால் போதும் என்று காற்று எதிர்த்திசைக்குத் திரும்பியது. ஆக, தொழிலாளர் நீதிமன்றத்தில் ‘கட்டுப்பாடு எங்களுடையது’ என்று சொன்னால் அதே வாக்கியம் வரி வழக்கில் சான்றாவணமாகிவிடும் என்று நிறுவனத்தின் ஆலோசகர்கள் அஞ்சுவது புரிந்துகொள்ளக்கூடியது. இந்த அச்சத்தைப் போக்க அரசால் முடியும். தொழிலாளர் சட்டப் பொறுப்பை ஏற்பது மட்டுமே வரிக்கான தொழிலிடத்துக்குச் சான்றாகாது என்று ஒரு சுற்றறிக்கை தெளிவாக்கினால், ஒளிந்துகொள்வதற்கான காரணங்களில் பாதி குறையும்.

ஊழியருக்கு நேரும் இழப்பு பெரும்பாலும் நீதிமன்றம்வரை வருவதில்லை; அது சத்தமில்லாமல் நடக்கும். டெலவேர் நிறுவனம் நான்காண்டு ஏட்டு முதலாளி மூலம் ஓட்டிவிட்டு, வளர்ந்ததும் சென்னையில் துணை நிறுவனம் தொடங்குகிறது. எல்லோரும் அங்கே ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு இங்கே புதிதாகச் சேர்கிறார்கள். அதே வேலை, அதே மேலாளர், அதே மடிக்கணினி. பணிக்கொடைக்கு ஐந்தாண்டுத் தொடர்ச்சி வேண்டும் என்ற விதிப்படி கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும். மாத அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால், ஆண்டுக்குப் பதினைந்து நாள் கணக்கில் நான்காண்டுக்கு 1,38,461 ரூபாய் காணாமல் போகிறது. தொழில் கைமாறும்போது பணித் தொடர்ச்சியைக் காக்கும் விதி இதற்கு உதவாது. ஏட்டு முதலாளி எந்தத் தொழிலையும் கைமாற்றவில்லையே. மகப்பேறு விடுப்பில் இது இன்னும் கொடியது. இருபத்தாறு வாரச் சம்பளத்துடனான விடுப்பைப் பெற, அந்த நிறுவனத்தில் முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். கருவுற்ற பெண் ஒருவர் பேறுகாலத்துக்கு ஒன்றரை மாதம் முன்பு புதிய நிறுவனத்தின் பட்டியலுக்கு மாற்றப்பட்டால், நான்காண்டு உழைப்பை எந்த ஏட்டில் காட்டுவார்?

இவர்கள் லட்சங்களில் சம்பளம் வாங்குபவர்கள், பீடித் தொழிலாளருக்கான சட்டத்தை இவர்களுக்கு இழுப்பது பொருத்தமா என்று கேட்பார்கள். சட்டத்தின் விடை ஆச்சரியம் தரக்கூடும். தொழிலாளி யார் என்ற வரையறையில் சம்பள வரம்பு மேற்பார்வையாளருக்குத்தான் உண்டு. தொழில்நுட்ப வேலை செய்பவருக்குக் கிடையாது. ஆட்களை நிர்வகிக்காமல் நிரல் மட்டும் எழுதுபவர் மாதம் இரண்டு லட்சம் வாங்கினாலும் தொழிலாளியாக இருக்க முடியும். தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வேறு இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து பணிபுரிந்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் அனுப்பக் கூடாது என்கிறது அதன் 41ஆம் பிரிவு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு விலக்கு உண்டு. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் நீக்கலாம் என்ற அமெரிக்க வழக்கத்தை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் இந்தப் பிரிவை அது வெல்லாது. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனைக்கும் அதே கதிதான். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் அதைச் செல்லாது என்று எப்போதோ சொல்லிவிட்டது.

இறுக்கினால் வேலைகள் மணிலாவுக்கோ வார்சாவுக்கோ போய்விடும் என்ற எதிர்ப்பு இதைவிடக் கனமானது. இந்தியப் பொறியாளரின் கவர்ச்சியில் ஒரு பங்கு அவரை எளிதாக அமர்த்த முடிவது என்பதை மறுக்க முடியாது. ஆனால் நான் கேட்பது ஏட்டு முதலாளியைத் தடைசெய்வதை அல்ல. இரண்டு மூன்று பேரோடு சந்தையைச் சோதித்துப் பார்க்கும் நிறுவனத்தை முதல் நாளே கம்பெனி தொடங்கு என்பது மூடத்தனம். கேள்வி காலத்தைப் பற்றியது. ஜெர்மனி ஆட்களை இரவல் தருவதை 1972 முதல் உரிமத்தின்கீழ் வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் இரவல் தந்தால் ஊழியர் இரவல் வாங்கியவரின் ஊழியராகவே கருதப்படுவார். 2017 திருத்தத்துக்குப் பின் ஒருவரை ஒரே இடத்தில் பொதுவாகப் பதினெட்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதனால் ஜெர்மனியில் முதலீடு வற்றிவிடவில்லை. தமிழ்நாடு 2024-25 நிதிநிலை அறிக்கையில், மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் தரும் புதிய உலகத் திறன் மையங்களுக்கு முதலாண்டில் 30, அடுத்து 20, பிறகு 10 சதவீதம் என்று ஊதிய மானியம் அறிவித்தது. சொந்தக் கதவைத் திறந்து வருபவருக்கு அரசே பணம் தரத் தயாராக இருக்கும்போது, கதவில்லாமல் இயங்குபவருக்கு ஒரு கால வரம்பு வைப்பதால் யாரும் ஓடிவிடப் போவதில்லை.

சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மூன்று தரப்பும் கையெழுத்திடும் ஒரே பக்க ஆவணம் பெரும்பகுதியைச் சரிசெய்யும். ஏட்டு முதலாளியிடம் கழிந்த காலம், பின்னால் தொடங்கும் துணை நிறுவனத்திலோ மாற்றப்படும் வேறு ஏட்டு முதலாளியிடமோ பணிக்கொடைக்கும் மகப்பேறு விடுப்புக்கும் சேர்த்துக் கணக்கிடப்படும் என்று அதில் எழுதலாம். நீக்கம் பற்றிய முடிவை யார் எடுத்தாலும் முன்னறிவிப்புக்கும் இழப்பீட்டுக்கும் டெலவேர் நிறுவனம் உத்தரவாதம் தரும், அந்த உத்தரவாதத்துக்கான தொகை ஏட்டு முதலாளியிடம் இந்திய வங்கியில் வைப்பாக இருக்கும் என்று எழுதலாம். மூன்று மாதச் சம்பளம் போதுமானது. பல ஏட்டு முதலாளிகள் தங்கள் பாதுகாப்புக்காக வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கி வைப்பது ஏற்கெனவே உள்ள வழக்கம்தான். அந்தப் பணத்தின்மேல் ஊழியருக்கும் ஒரு பாத்தியதை இருக்கிறது என்பதை மட்டும்தான் ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.